ரயில் போன மலையில் பன்னிரண்டு கிலோமீட்டர்

லில்லிடேலிலிருந்து வார்பர்ட்டன் வரை செல்லும் சைக்கிள் பாதையை நம் சங்கக் குடும்பங்களில் பலரும் அறிவீர்கள். 1901-இல் திறக்கப்பட்டு 1965-இல் மூடப்பட்ட ரயில் பாதை அது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அதே தடத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் வழி அமைத்திருக்கிறார்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர். மெல்போர்னுக்கு வந்த புதிதில் வாங்கிய பழைய சைக்கிளில் நானும், என் உயரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும் என் பதினான்கு வயது மகனும் அதில் அடிக்கடி போவதுண்டு. ஒருநாள் வழியில் ஒரு பாலத்தடியில் உட்கார்ந்து தோசையைப் பிரித்தபோது அவன் கேட்டான்: "அப்பா, உங்க ஊர்ல இந்த மாதிரி பழைய ரயில் பாதை எதுவும் இல்லையா?"

"உங்க ஊர்" என்று அவன் சொன்னதைக் கவனித்தேன். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் கேள்விக்குப் பதில் சொன்னேன். நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்கள் ஊரில் "மேலே போயிருக்கிறார்" என்றால் மூணாறு மலைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். அந்த மலையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. இன்று தண்டவாளம் இல்லை, எஞ்சின் இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஊர்ப் பெயராக நிற்கிறது. அடுத்த விடுமுறையில் அங்கே சைக்கிள் ஓட்டுவது என்று அன்றே முடிவாயிற்று. பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் கோயில், கல்யாணம், துணிக்கடை இவற்றோடு ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன். இது பயணக் கட்டுரை என்பதைவிட ஒரு புவியியல் பாடம் என்றே கொள்ளுங்கள்.

பாடத்தைப் பாலக்காட்டில் தொடங்கினோம். கோயம்புத்தூரில் இறங்கி அங்குள்ள உறவினர் வீட்டில் தங்கியது ஒரு காரணம். மற்றொரு காரணம், மேற்குத் தொடர்ச்சி மலையைப் புரிந்துகொள்ள அது உடைந்திருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை நீளும் இந்த மலைச் சுவரில் பெரிய வாசல் ஒன்றே ஒன்றுதான். அது பாலக்காட்டுக் கணவாய். அகலம் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே சமவெளி. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூருக்குப் போட்ட ரயில் பாதை 1862-லேயே இந்த வாசல் வழியாக முடிந்துவிட்டது. ஆனால் நூறு கிலோமீட்டர் கூடத் தள்ளியிராத மூணாறிலிருந்து கீழே போடிக்குத் தேயிலைப் பெட்டி இறக்க, ரயிலும் கம்பிவடமும் மாட்டு வண்டியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. வாசல் இருக்கும் இடத்துக்கும் சுவர் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மலம்புழா அணையைச் சுற்றிக் கவா வரை செல்லும் சாலையில் அன்று மாலை ஒத்திகை பார்த்தோம். பெரிய ஏற்றமில்லாத வழி. ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் மலை. இந்த அணை முடிந்த 1955-இல் பாலக்காடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. அடுத்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதிதான் மொழிவழி மாநிலங்கள் பிறந்து அது கேரளத்துக்குப் போயிற்று. முதல் முறை சைக்கிள் ஓட்டும் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

மறுநாள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகக் காரில் மூணாறு. இந்த வழியில் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வந்து மறுபடி கேரளத்துக்குள் நுழைகிறோம். சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மகன், "கேரளான்னா பச்சையா இருக்கும்னு சொன்னீங்க?" என்றான். சுற்றிலும் முள்மரங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை ஆனைமலை உச்சிகள் மறித்துக்கொள்வதால் இந்தப் பக்கச் சரிவுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. மழை மறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். மறையூரில் வெல்லம் வாங்கினோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அதற்கு மேல் ஏற ஏறத் தேயிலை.

மூணாறு என்ற பெயரைத் தமிழர், மலையாளி இருவருமே மொழிபெயர்க்காமல் புரிந்துகொள்வார்கள். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடும் இடம். இதில் குண்டளை ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் அந்த ரயில் போயிற்று.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காடு தோட்டமாயிற்று. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. தேயிலை விளைந்துவிட்டது, அதை எப்படிக் கீழே இறக்குவது? மேற்கே கொச்சிப் பக்கம் ஏற்ற வழி அப்போது இல்லை. கிழக்கே மலை செங்குத்தாக முடிந்து கீழே மதுரைச் சீமை தெரிகிறது. ஆகவே மூணாறிலிருந்து கிழக்கு விளிம்பு வரை சுமார் முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வழி, அந்த விளிம்பிலிருந்து கீழே கொட்டகுடிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளக் கம்பிவடம், அங்கிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டி என்று ஏற்பாடு செய்தார்கள். கம்பிவடத்தின் மேல் முனை டாப் ஸ்டேஷன். கீழ் முனையான கொட்டகுடியைப் பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். இடையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இன்றும் ஒரு சிற்றூர் இருக்கிறது. சென்னை சென்ட்ரலைத் தவிர வேறு சென்ட்ரல் தெரியாத என் மகனுக்கு இது பெரிய வேடிக்கை.

1902-இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். யூயிங் முறை என்பார்கள். சாலையோரமாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதியை அதன் மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும். வண்டி சாய்ந்துவிடாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுத்தவை காளை மாடுகள். இதே முறையில் 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் போட்ட வண்டியைத் தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சைக்கிளும் ஒரே தடத்தில் ஓடுவதுதானே, அது ஏன் பக்கச் சக்கரம் இல்லாமலே நிற்கிறது? சிறு குழந்தையின் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டுகிறோமே, அதை ஏன் பிறகு கழற்றிவிடுகிறோம்? விடை கைப்பிடியில் இருக்கிறது. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியை நம்மையறியாமல் சிறிது திருப்புகிறோம். சக்கரங்கள் சாயும் உடம்புக்குக் கீழே வந்து மறுபடி தாங்கிக்கொள்கின்றன. தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்குத் திரும்பும் சுதந்திரம் கிடையாது. ஆகவே அதற்குப் பக்கச் சக்கரம் வேண்டியிருந்தது. நான் பொறியியல் படித்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆன பின், மூணாறில் ஒரு தேநீர்க் கடையில் மகனுக்கு விளக்கும்போதுதான் இது எனக்கே தெளிவாயிற்று.

1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலமுள்ள குறும்பாதை போட்டு நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள். பதினாறு ஆண்டுகள் ஓடியது. 1924 ஜூலையில் வந்தது வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாள நாட்டில் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே இன்றும் சொல்கிறார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது முதியவர்கள் ஒப்பிட்டுப் பேசியது அதைத்தான். மலைகள் சரிந்தன, மூணாறு ஊரும் ரயிலும் போயின. ரயிலை மறுபடி போடவேயில்லை. பின்னர் 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறந்து கொச்சிப் பக்கம் நல்ல சாலை வந்தபின் கிழக்கு வழியின் தேவையும் குறைந்துவிட்டது. ரயில் நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாயிற்று. நல்லதண்ணியிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதை மறக்காமல் பாருங்கள். மகன் அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். காவலர் முறைத்ததும் மடக்கிக்கொண்டான்.

ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஏன் சுகம் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் இழுப்பது எளிது. அதே காரணத்தால் செங்குத்தாக ஏற முடியாது. பிடிப்பு இல்லாமல் சக்கரம் சுழன்றுவிடும். ஊட்டி ரயில் ஏறத்தாழ 12-க்கு 1 என்ற சரிவில் ஏற, நடுவில் பற்சட்டம் வைத்துத் தொற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பற்சட்டம் இல்லாத ரயிலுக்கு அதில் பாதிச் சரிவே அதிகம். 30-க்கு 1 என்றால் முப்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். நூறு மீட்டர் உயர மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு அது சுற்றுவழி. மிதிப்பவனுக்கு அதுதான் வழி. ஆகவே ரயிலுக்காக ஒருமுறை வெட்டிய பள்ளத்தாக்கு, வார்பர்ட்டனானாலும் குண்டளையானாலும், நம் முழங்காலுக்கு நண்பன். ஆனால் ஓர் எச்சரிக்கை. வார்பர்ட்டனில் இருப்பதைப் போலக் காரில்லாத தனிப் பாதையாக இது இல்லை. பஸ்ஸும் ஜீப்பும் ஓடும் சாதாரண மலைச் சாலை. பழைய தடத்தை ஒட்டியும் விலகியும் போகிறது.

முப்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓட்டுவது எங்கள் திட்டமல்ல. மூணாறில் வாடகைக்கு எடுத்த இரண்டு கியர் சைக்கிள்களை ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு மாட்டுப்பட்டி வழியாகக் குண்டளை அணை வரை போய்விட்டோம். காலை எட்டரை மணி. இதைவிடச் சீக்கிரம் கிளம்பாதீர்கள். இந்தப் பக்கம் காட்டு யானைகள் சாலைக்கு வரும். படையப்பா என்று ரஜினி படத்தின் பெயரால் ஊரார் அழைக்கும் ஒரு கொம்பன் யானை மிகவும் பிரசித்தம். ஜீப் ஓட்டி வந்தவர் அதன் குணநலன்களை ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் பார்க்கவில்லை. மகனுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

குண்டளை அணை 1946-இல் முடிந்தது. சேதுபார்வதிபுரம் அணை என்பது முழுப் பெயர். வில்லைப்போல வளைந்த அணை. நீரின் அழுத்தத்தை இரு பக்க மலைகளின் மேல் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து டாப் ஸ்டேஷன் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அதுவே எங்கள் பயணம்.

முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவே. முன்னால் சிறிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று மாற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் போனால் போதும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். இது என் மனைவி சொல்லிக்கொடுத்த அளவுகோல். கியர் டப்பாவைவிட நம்பகமானது.

வழியில் மகன் ஒரு மரத்தைக் காட்டி, "இது நம்ம ஊர் மரம்!" என்றான். தேயிலைக்கு நிழலாக நட்டிருக்கும் சில்வர் ஓக். உண்மைதான், கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சற்றுத் தள்ளி யூக்கலிப்டஸ் தோப்பு. அதுவும் அங்கிருந்து வந்தது. தேயிலை ஆலைகளின் விறகுக்காக நட்டவை. மேலே பாம்பாடும் சோலைப் பக்கம் பரவிக் கிடக்கும் வாட்டில் மரமோ நம் விக்டோரியா மாநிலத்துக்கே சொந்தமானது. இந்த மலைக்குரிய காடு வேறு விதம். பள்ளங்களில் அடர்ந்த பசுமரக்காடு, உச்சிகளில் வெறும் புல்வெளி. இந்தப் பசுமரக்காட்டைத்தான் சோலை என்கிறோம். பூங்கா என்ற பொருளில் நாம் பயன்படுத்தும் அதே சொல் இங்கே ஒரு காட்டின் பெயர். ஆங்கிலத் தாவரவியல் நூல்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. சோலை மழையைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் கசியவிடுகிறது. வந்தேறிய வாட்டில் அந்தப் புல்வெளியை மூடித் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று இப்போது வெட்டி அகற்றுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு மகன் கொஞ்ச நேரம் பேசாமல் மிதித்தான். "நட்டது யாரு, வெட்டுறது யாரு?" என்று மட்டும் கேட்டான்.

பாதி வழியில் சாலைக்கு மேல் சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் சாக்கு, முதுகில் பை, கையில் கத்தரி. தேயிலைச் செடி என்று நாம் சொல்வது விட்டால் மரமாக வளரக்கூடியது. கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருக்கிறார்கள். படங்களில் பச்சைக் கம்பளமாகத் தெரிவது அந்த வெட்டுத்தான். மகன் சைக்கிளை நிறுத்திக் கைப்பேசியைத் தூக்கினான். நான் தடுப்பதற்குள் ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்.

"ஏன் தம்பி, கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

இவன் பயந்து, "சாரி ஆன்ட்டி" என்றான்.

"ஆன்ட்டியாம்ல!" என்று பக்கத்தில் இருந்தவர் சிரிக்க, முதல் அம்மாள், "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"மெல்போர்ன்."

"அது இருக்கட்டும். சொந்த ஊரு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் போடி என்றேன். "அப்ப நம்ம பக்கந்தான் சார். எங்களுக்குச் சங்கரன்கோவில்" என்றார் அவர். எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் வரவில்லை, அவருடைய பாட்டி வந்திருக்கிறார், கங்காணியோடு நடந்து. அவரும் அவருடைய அம்மாவும் பிறந்தது இதே எஸ்டேட் லயத்தில். சங்கரன்கோவிலுக்கு வருடத்தில் ஒருமுறை, ஆடித்தபசுக்கு. வீடு, நிலம் எதுவும் அங்கே இல்லை. இங்கேயும் இல்லை. லயம் கம்பெனியுடையது, வேலையில் இருக்கும் வரைதான். "ரிட்டயர் ஆனா சாவியக் குடுக்கணும் சார். மக வேலைக்கு வந்துட்டா, அதனால இன்னும் இருக்கோம்" என்றார். சொல்லிக்கொண்டே கை கத்தரியை நிறுத்தவில்லை. எடைக்குத்தான் கூலி கூடும் என்பதால் நாங்கள் நின்றது அவருக்கு நஷ்டம் என்று தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

இந்தப் பெண்களைப் பற்றி நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2015 செப்டம்பரில் இந்த மலையின் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆண்கள் தலைமையில் இயங்கிய தொழிற்சங்கங்களையே ஒதுக்கிவிட்டு, தாங்களே மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது நாட்கூலி 232 ரூபாய். போனஸ் 20 விழுக்காடு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் கருணைத் தொகையும் சேர்த்து அந்த 20 விழுக்காட்டைப் பெற்றார்கள். பெண்பிளை ஒருமை என்ற பெயர் கேரளம் முழுதும் தெரிந்தது. பெயரிலேயே தமிழும் மலையாளமும் கலந்திருக்கிறது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் கயத்தாறு பக்கம். 1924-இல் தண்டவாளத்தைக் கொண்டுபோன அதே மழை, அதே மண்தான். தண்டவாளத்தை மறுபடி போடாமல் விட முடிந்தது. பள்ளத்தாக்கில் லயங்கள் இருந்தன, அவற்றில் ஆட்கள் இருந்தார்கள்.

படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்த அம்மாள் நிமிர்ந்து நின்றார். மகன் ஒரே ஒரு படம் எடுத்தான். "நன்றி அத்தை" என்றான், நான் சொல்லிக்கொடுக்காமலே.

எல்லப்பட்டியைத் தாண்டியதும் ஏற்றம் சற்றுக் கூடியது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் நான் இறங்கித் தள்ளினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. டாப் ஸ்டேஷன் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் கடைகள்தான்: வேகவைத்த சோளம், கேரட், தேநீர். வரைபடத்தைப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். காட்சி முனை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். அதே சாலையில் வட்டவடைக்குப் போனால் மறுபடி கேரளம். 1956-இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் யாருக்கு என்பது பெரிய போராட்டமாக இருந்து, அவை கேரளத்தோடு நின்றன; 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன. கோடு தாண்டியது சைக்கிளுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் இரண்டு மொழியிலும் விலை சொன்னார், விலை ஒன்றுதான்.

காட்சி முனையில் நின்றால் தரை சட்டென்று முடிகிறது. கீழே மேகம் விலகும்போது குரங்கணி, கொட்டகுடி, தொலைவில் எங்கள் ஊர். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு மீட்டர் பள்ளம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நாங்கள் ஸ்வெட்டரில் நிற்கும்போது போடியில் எட்டொன்பது டிகிரி கூடுதலாகக் காய்ந்துகொண்டிருந்தது. இந்த விளிம்பிலிருந்துதான் தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்கின. அந்தக் காலத்தில் போடிக்கே ரயில் கிடையாது. அது 1928-இல்தான் வந்தது. அந்தப் பாதை அகலமாக்கப்படுவதற்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி போடி வரை ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து நேராக வரலாம்.

மகனிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, இந்தப் பக்கம் ஊற்றினால் எங்கே போகும் என்று கேட்டேன். கிழக்கே விழுந்தால் கொட்டகுடி ஆறு, வைகை, மதுரை. மிச்சமிருந்தால் இராமநாதபுரம் கடல். மேற்கே விழுந்தால் குண்டளை, முதிரப்புழை, பெரியாறு, அரபிக்கடல். நாம் நிற்பது நீர்ப்பிரிமேடு. "பெரியாத்துத் தண்ணியத்தான் தாத்தா ஊருக்குத் திருப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே வைகைக்குத் திருப்பியது உண்மை. ஆனால் மூணாற்று மழை அந்த அணைக்கு வெகு கீழேதான் பெரியாற்றில் சேர்கிறது. அது கொச்சிப் பக்கமே போகும். நம்மவர்களில் பலரும் இதைக் குழப்பிக்கொள்வதால் எழுதுகிறேன்.

இங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் காட்டுவழி ஒன்று உண்டு. வனத்துறை அனுமதியில்லாமல் அதில் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடையில் அந்தப் புல் எண்ணெய்போல எரியும்.

திரும்பும்போது இறக்கம். நான் பாடத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்த இடத்தில்தான் பாடம் இருந்தது. பகல் ஒரு மணிக்கே மூடுபனி இறங்கிச் சாலை நனைந்துவிட்டது. எல்லப்பட்டிக்கு மேலே ஒரு வளைவில் மகன் முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தான். முன்சக்கரம் வழுக்கி, முழங்காலும் முழங்கையும் சிராய்த்தன. எழுந்து நின்றுவிட்டான். பின்னால் ஜீப் எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். சைக்கிளைத் திருப்பிப் பார்த்தால் பின் பிரேக் கட்டை பாதி தேய்ந்திருந்தது. பின் பிரேக் பிடிக்காததால்தான் பையன் முன்னதை நம்பியிருக்கிறான். காலையில் டயரை அழுத்திப் பார்த்த நான் பிரேக்கைப் பார்க்கவில்லை. நூறாண்டுக்கு முந்தைய ரயில் வரலாற்றையெல்லாம் தெரிந்து வைத்திருந்தவன் இரண்டு ரப்பர்க் கட்டையைக் குனிந்து பார்க்கவில்லை.

சாலையோர லயத்திலிருந்து ஒரு பாட்டி சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவினார். மஞ்சள் வைக்கவா என்றார். மகன் வேண்டாம் என்று கெஞ்சினான். கட்டஞ்சாயா கொடுத்தார். காசை வாங்க மறுத்துவிட்டார். அதன் பின் நான் ஓட்டிக் காட்டினேன்: வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவில் பிரேக் கூடாது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் பிடிக்க வேண்டும், தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்புப் போய்விடும், உடம்பின் பாரம் பின்னால் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத வளைவில் மணியடித்து இடது ஓரம். நல்லவேளை, இடப்பக்கம் ஓட்டும் பழக்கம் ஆஸ்திரேலியாவிலும் ஊரிலும் ஒன்றே.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். டிசம்பர், ஜனவரி நல்லது. மெல்போர்ன் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். காலை எட்டரைக்குத் தொடங்கிப் பகல் மூடுபனிக்கு முன் திரும்பிவிடுங்கள். மேல்சட்டை, தலைக்கவசம், பிஸ்கட், முதலுதவிப் பை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஜீப்பில் வரட்டும். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அடுத்தது 2030. என் மகன் அப்போது கல்லூரியில் இருப்பான். "அந்த வருஷம் போடியிலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்று விமானத்தில் கேட்டான். போடியிலிருந்து குரங்கணி வரை ஓட்டலாம். அதற்கு மேல் கம்பிவடம் இல்லையே என்றேன்.